கவிழ்ந்து பழகட்டும் பிள்ளைகள்

கோடை விடுமுறை என்றால் கராத்தே, கீபோர்டு, நீச்சல் என்றிருந்த பட்டியலில் இப்போது பாய்மரப் படகும் சேர்ந்துவிட்டது. துறைமுகத்தின் அலையில்லாத நீர்ப்பரப்பில் பத்து வயதுப் பிள்ளைகள் வெள்ளைப் பாய் விரித்துப் போகும் படங்கள் பெற்றோரின் கைபேசிகளில் சுற்றுகின்றன. அவற்றில் எதிலும் கவிழ்ந்த படகு இல்லை. எனக்குக் கவலையே அதுதான்.

பிள்ளைகளிடம் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் 'ஆப்டிமிஸ்ட்'. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கிளியர்வாட்டர் நகரத்துச் சிறுவர்களுக்காக உருவான படகு இது. முகம் மழுங்கிய பெட்டி போல இருக்கும். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரு பாய், ஓட்டுவதற்கு ஒரு பிள்ளை. ஒலிம்பிக்கில் பாய் விரித்தவர்களில் மிகப் பலர் இதில்தான் தொடங்கினார்கள். நேராகப் போகும்வரை சாதுவான படகு. காற்று முதுகுப்பக்கம் இருக்கும்போது சுக்கானைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால், பாயின் அடியிலுள்ள கட்டை சட்டென்று மறுபக்கம் பாயும். குனியத் தெரிந்த பிள்ளை தப்பிக்கும். எடையை அதே நொடியில் மறுபக்கம் மாற்றத் தெரியாவிட்டால் படகு சாயும், பிள்ளை தண்ணீரில்.

இனி நடப்பதுதான் உண்மையான பாடம். முதலில் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அது இறுகியிருந்தால் நிமிரும் படகைக் காற்று மறுபடி அடித்துச் சாய்க்கும். பிறகு படகை விட்டுக் கை எடுக்காமல் அடிப்பக்கம் சுற்றி வர வேண்டும். படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் 'டேகர்போர்டு' என்ற பலகை இப்போது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து உடல் எடையைப் பின்னால் சாய்த்துத் தொங்கினால் பாய்மரம் மெல்லத் தண்ணீரை விட்டு எழும். படகின் முன்முனையான அணியம் காற்றைப் பார்த்திருந்தால் நல்லது. நிமிர்ந்த படகு நிறையத் தண்ணீர் இருக்கும்; ஓரங்களில் கட்டிய காற்றுப்பைகள்தான் அதை மிதக்க வைக்கின்றன. ஏறி உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய வாளியால் இறைக்க வேண்டும். கை கடுத்துப்போகும் வேலை.

தாமதித்தால் படகு தலைகீழாகப் புரண்டுவிடும். ஆழம் குறைந்த இடமென்றால் பாய்மர நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும். பலகையைப் பிணைக்கும் சிறு கயிற்றை மாட்ட மறந்திருந்தால், அது நழுவிப் போயிருக்கும். பிடித்துத் தொங்க எதுவும் இராது. படகுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அங்கே கொஞ்சம் காற்று தேங்கியிருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மூச்சை நிதானப்படுத்தி, விளிம்பைப் பிடித்துக் கீழே முழுகி வெளியே வரவேண்டும். கரையில் படம் வரைந்து காட்டி இதைப் புரியவைக்கலாம். ஆனால் காதில் தண்ணீர் புகுந்து, மேலே பாய் மூடியிருக்கும்போது, முன்பே ஒருமுறை செய்த உடம்புக்குத்தான் அது நினைவு வரும்.

முதலிலேயே கவிழ்த்தால் பிள்ளை பயந்து மறுநாள் வராது என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. ஆனால் மூன்றாவது வாரம், காற்று பலத்த ஒரு மதியம், எதிர்பாராமல் கவிழும் பிள்ளையின் பயம் அதைவிடப் பெரிது.

கவிழ்ந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, கரை கிட்டத்தான் தெரிகிறது என்று படகை விட்டு நீந்துவது. தண்ணீரில் ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட ஒரு படகைக் கண்டுபிடிப்பது எளிது. 1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் சிக்கி 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். மாலுமிகள் விட்டு வெளியேறிய 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை பிறகு மிதந்தபடி கிடைத்தன. அவை அடியில் கனத்த எடை கொண்ட, தாமே நிமிரக்கூடிய பெரிய படகுகள். ஆனாலும் படகை விடாதே என்ற விதி பிள்ளைகளின் பெட்டிப் படகுக்கும் பொருந்தும்.

நம் கரையில் கட்டுமரம் ஓட்டியவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அலை புரட்டிப் போட்டால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பப் புரட்டி ஏறித் துடுப்பெடுப்பார்கள்.

உயிர்காப்பு உடை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்கு மாட்டுகிறார்கள். கரையில் நின்று பார்த்தால் சரியாகத்தான் தெரியும். தண்ணீரில் விழுந்ததும் அது காதுக்கு மேலே ஏறிவிடும்; பிள்ளை அதற்குள் முழுகிவிடும். தொடைகளுக்கு இடையே போட்டு இறுக்கும் பட்டை இருக்க வேண்டும். இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடை மட்டும் எழும்பினால் அது அந்தப் பிள்ளைக்கானது அல்ல. கவிழ்க்கும் பயிற்சி நடந்தால் இந்தக் கோளாறு முதல் நாளே, மீட்புப் படகு பக்கத்தில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

குளிர் நாடுகளில் கடலில் இறங்க முடியாத மாதங்களில் கூரை போட்ட நீச்சல் குளத்துக்குள் படகைக் கொண்டுவந்து கவிழ்த்துப் பழக்குகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக் கடல் உடம்புக்கு இதமான சூட்டில் இருக்கிறது. பணம் கட்டும்போது பெற்றோர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த நாளில் என் பிள்ளையைக் கவிழ்ப்பீர்கள்? முதல் வாரத்துக்குள் ஒரு தேதி சொல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.