பெஞ்சுப் பேச்சு... கல்லாவுக்கு வேட்டு!
வேங்கிக்கால்,
திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர் இது. மனு கொடுக்க வருகிறவர்களும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சினிமா பேச்சுதான். அதிலும் ரஜினி என்றால் தனிப் பாசம். கிரிவலப் பாதைக்கு விளக்கு போட்டுக் கொடுத்தவர் ஆச்சே!

ஆனாலும் தீர்ப்பில் தயவு கிடையாது. 1995-ல் வந்த 'பாட்ஷா'வை டி.வி.யில் எத்தனை தடவை போட்டாலும் பார்ப்பாங்களாம். 'பாபா' மட்டும் மனசுல ஒட்டலையாம்.

விசில் அடங்கியது

ரஜினியே கதை எழுதித் தயாரித்த 'பாபா', 2002 ஆகஸ்டு 15-ந் தேதி வெளியானது. முதல் நாள் விசில் பறந்தது. வெளியே வந்த ரசிகர்களோ உதட்டைப் பிதுக்கினார்கள். கூட்டம் கரைந்தது. விநியோகஸ்தர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ரஜினி நஷ்டஈடு கொடுத்தார்.

2022 டிசம்பரில் படத்தை வெட்டிச் சுருக்கி மறுபடி வெளியிட்டார்கள். ஆக, டிக்கெட் வாங்கியவன் சும்மா பேசுவதும் சும்மா போவதில்லை!