ஒரே திரையில் குண்டும் மீனும்

ரியோ டி ஜெனிரோவில் நடக்கும் ஒரு படவிழாவில் கொடுக்கிற பரிசில் தங்கமும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. அந்த ஊரின் சாந்தா தெரேசா மேட்டில் வாழும் கெத்தூலியோ டமாடோ என்ற கலைஞர், தெருவில் கிடக்கும் கழிவுப் பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்துச் செய்த பரிசு அது. அதில் ஓடாத பழைய கடிகாரம் ஒன்று பதிந்திருக்கும். முள் எட்டேகாலில் நிற்கும். 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவின்மேல் குண்டு வெடித்த நேரம். பரிசின் செல்லப்பெயர் ‘மஞ்சள் ஆஸ்கர்’. விழாவின் பெயர் சர்வதேச யுரேனியப் படவிழா.

இதை எங்கள் திரையிடல் குழுவில் முதலில் சொன்னபோது, “அடுத்து சிமென்ட் படவிழாவா சார்?” என்று கேட்டார் ஒரு நண்பர். நான் நாகர்கோவில் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது நூலகம், பள்ளிக்கூடம், கடற்கரை மைதானம் என்று இடம் கிடைக்கிற பக்கமெல்லாம் திரை கட்டிப் படம் போடுகிறோம். போரையும் சூழலையும் பற்றிய படங்கள்தான் பெரும்பாலும். உலகில் சூழல் படவிழாக்கள் நிறைய உண்டு; அமைதிக்கான விழாக்களும் உண்டு. இரண்டும் ஒன்றேதான் என்று பெயரிலேயே சொல்லும் விழா என்பதால் எனக்கு இது நெருக்கமானது.

பிரேசிலைச் சேர்ந்த சமூக ஆய்வாளர் மார்சியா கோமெஸ் டி ஒலிவேராவும், ஜெர்மன் பத்திரிகையாளர் நோர்பர்ட் சுகானெக்கும் 2010இல் போட்ட திட்டம் இது. முதல் விழா 2011 மே மாதம் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஃபுகுஷிமா விபத்து. யுரேனியம் தோண்டும் சுரங்கம், அணுகுண்டு, அணு உலை, ஆஸ்பத்திரிக் கருவி, கடைசியில் மிஞ்சும் கழிவு என்று அணுவின் முழுச் சங்கிலியையும் இங்கே வரும் படங்கள் தொடுகின்றன.

இப்படியொரு விழா பிறந்த பிரேசிலிலேயே ஒரு பெரும் கதிர்வீச்சு விபத்து நடந்திருக்கிறது. கோயானியா நகரில் ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது, பழைய கருவியை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. 1987 செப்டம்பரில் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் இருவர் அதைக் கழற்றி எடுத்து, ஆக்கர் கடையில் விற்றார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு. இருட்டில் அது நீலமாக ஒளிர்வதைப் பார்த்த கடைக்காரர் அதிசயப்பட்டு உறவினருக்கும் நண்பருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தப் பொடி பட்ட கையாலேயே சாப்பிட்டாள். அவளோடு சேர்த்து நான்கு பேர் இறந்தார்கள். நகரின் விளையாட்டரங்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரை வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது, 249 பேரிடம் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தது தெரிந்தது. ரொபேர்த்தோ பீரெஸ் இதை 1990இல் படமாக்கினார்.

தூரத்து நாட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2010இல் தில்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் தள்ளிய பழைய கருவியிலிருந்து கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அதுவும் இரும்புக் கடைதான்.

வகுப்பில் அரை ஆயுட்காலத்தைக் கரும்பலகையில் வளைகோடாக வரைந்து காட்டுவேன். சீசியம்-137க்குச் சுமார் 30 ஆண்டு. 1987இல் ஒரு பங்கு என்றால் 2017இல் பாதி, 2047இல் கால், 2077இல் அரைக்கால். பிள்ளைகள் கணக்கைச் சரியாகப் போட்டு மார்க் வாங்கிவிடுவார்கள்; முப்பது ஆண்டு என்றால் என்ன என்பது அவர்களுக்குள் இறங்காது. கோயானியாவின் அந்தச் சிறுமி உயிரோடு இருந்தால் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பாள் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. கேமராவாலும் அதை நேரடியாகப் பிடிக்க முடியாது. அது தொட்டுப் போன மனிதர்களின் முகத்தையும், அவர்கள் காத்திருக்கும் காலத்தையும் காட்ட முடியும். செய்தித்தாளில் இரண்டு பத்தியோடு முடிந்துபோவது, படத்தில் முக்கால் மணி நேரம் நம்மோடு உட்கார்ந்திருக்கும்.

காலத்தைக் காட்டுவதில் எனக்குப் பிடித்தது, டென்மார்க்கின் மைக்கேல் மாட்சன் 2010இல் எடுத்த ‘இன்டு இடர்னிட்டி’. பின்லாந்தில் ஓன்கலோ என்ற இடத்தில் பாறையைக் குடைந்து அணுக்கழிவைப் புதைக்கும் கிடங்கைப் பற்றியது. ஒரு லட்சம் ஆண்டுக்கு அதை யாரும் திறக்கக் கூடாது. இருட்டில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, அது எரிகிற நேரத்துக்குள் வருங்காலத்து மனிதனிடம் இயக்குநர் பேசுவார். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் படம் முடிந்ததும், “அங்கே தோண்டாதேன்னு எந்த மொழியில சார் எழுதி வைப்பாங்க?” என்றான். படத்தில் விஞ்ஞானிகள் திணறுவதும் அதே இடத்தில்தான்.

அமைதி வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று நினைப்பவர்களுக்கு நான் போடுவது, ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்து கானெட்டோ ஷிண்டோ 1959இல் எடுத்த ஜப்பானியப் படம். 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்தது ‘டைகோ ஃபுகுர்யு மாரு’ என்ற படகு. அதன் தட்டில் வெள்ளைத் தூள் கொட்டியது. வெடிப்பில் பொடியான பவழப்பாறை. 23 மீனவர்களும் நோயோடு கரை திரும்பினார்கள். படகின் ரேடியோக்காரர் செப்டம்பரில் இறந்தார்.

கடற்கரை ஊரொன்றில் இதைப் போட்டபோது, வசனத்தை நான் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவ்வளவு நேரம் வலை முடிச்சுப் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கேட்ட முதல் கேள்வி: “அந்த மீனையெல்லாம் என்ன செய்தாங்க சாரே?”

குறி தப்பாத கேள்வி. டோக்கியோவின் சுகிஜி சந்தைக்கு வந்துசேர்ந்த மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நாடெங்கும் மீன் விலை சரிந்தது. எதை நம்பி வாங்குவது, எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று பயந்துபோன டோக்கியோ சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள், ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அது மூன்று கோடியைத் தாண்டியது. 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் அணுகுண்டு எதிர்ப்பு உலக மாநாடு கூடியது. அந்த அமைதி இயக்கத்துக்குப் பெரும் வேகம் கொடுத்தது சமையலறைக்கு வந்த மீன்.

யுரேனிய விழா 2013இல் தில்லியில் தொடங்கி இந்திய நகரங்களைச் சுற்றியது. அதற்கு வெகுமுன்பே நம் நாட்டில் இத்தகைய படங்கள் இருந்தன. ஸ்ரீபிரகாஷ் 1999இல் எடுத்த ‘புத்தா வீப்ஸ் இன் ஜாதுகோடா’, ஜார்கண்ட் யுரேனியச் சுரங்கத்தின் கழிவுக் குட்டைகளுக்குப் பக்கத்தில் வாழும் ஆதிவாசிகளைக் காட்டுகிறது. மதுரையில் 1998 முதல் ஆவணப்பட விழா நடத்திவரும் அமுதன் ஆர்.பி., மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய மூன்று ஊர்களையும் வரிசையாகப் படமாக்கினார். மணவாளக்குறிச்சி எங்கள் மாவட்டம்தான். அங்கே கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. என் மாணவர்கள் பலர் அந்த மணலில் விளையாடி வளர்ந்தவர்கள்.

எல்லாப் படத்தையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. நோயுற்ற குழந்தையின் முகத்தைக் காட்டி, பின்னணியில் சோகமாக வயலினை இழுத்துவிட்டால் காரணம் நிரூபணமாகிவிடாது. ஜாதுகோடாவில் நோய்களுக்குக் கதிர்வீச்சு காரணமில்லை என்று சுரங்க நிறுவனம் மறுத்துவந்திருக்கிறது. காரணத்தைச் சொல்ல, அளந்து எடுத்த புள்ளிவிவரம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர் வேண்டும். ஒரு படம் அந்த வேலையைச் செய்யாது. ஏன் இன்னும் ஒழுங்காக அளக்கவில்லை என்று கேட்க வைக்கும். நல்ல படத்துக்கு அது போதும்.

இவ்விழாக்களின் பெரிய பலவீனம், எதிர்ப்பவர்களே வந்து, எதிர்ப்பவர்களின் படத்தைப் பார்த்து, கைதட்டிவிட்டுப் போவது. அதனால்தான் பிரதீப் இந்துல்கரின் ‘ஹை பவர்’ எனக்கு முக்கியம். தாராப்பூர் அணுமின் நிலையத்துக்காக இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய அந்தப் படம் 2013இல் ரியோவில் மஞ்சள் ஆஸ்கர் பெற்றது. எடுத்தவர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த பொறியாளர். உள்ளே இருந்தவர் பேசும்போது இரண்டு பக்கத்தாரும் காது கொடுக்கிறார்கள்.

எங்கள் திரையிடலுக்கு இப்போது இரண்டு விதி. படத்தைவிடப் பேச்சுக்கு அதிக நேரம்; மறுத்துப் பேச ஒருவர் கட்டாயம். ‘ஹை பவர்’ போட்ட அன்று, மின்துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். எழுந்ததுமே, “நீங்க படம் போடுற கரன்ட்லயும் கூடங்குளத்துப் பங்கு இருக்கு, அதை மறந்துராதீங்க” என்றார். “மறக்கலை சார். அதனாலதான் கழிவுலயும் எங்களுக்கு என்ன பங்குன்னு கேக்கிறோம்” என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி. பயன்படுத்திய எரிபொருளை எப்படிக் குளிர்விப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று அவர் விளக்க, கேள்விமேல் கேள்வி வந்து பத்து மணி தாண்டிவிட்டது. யாரும் கட்சி மாறவில்லை. அடுத்த படத்துக்கு அவரே தன் பழைய சகாக்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.