வியாதியா வரைந்தது?

1889ஆம் வருஷம் மே மாதத்தில், தென் பிரான்சிலுள்ள ஸான் ரெமி என்ற சிற்றூரில், பழைய மடாலயமொன்றில் நடந்துவந்த மனநோய் மருத்துவமனைக்கு ஓவியர் வின்சென்ட் வான்கோ தம் சொந்த விருப்பத்தின் பேரிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்கு நாலைந்து மாதங்களுக்கு முன் ஆர்ல் நகரத்தில் அவர் தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டதை உலகம் இன்றளவும் மறக்கவில்லை. மறக்காதது மட்டுமன்று, அவருடைய கலையே அந்தக் கத்திமுனையில்தான் பிறந்தது என்பதுபோல ஒரு கதையையும் கட்டிவைத்துக்கொண்டு, மேதையென்றால் சித்தம் சற்றுக் கலங்கித்தான் இருக்கவேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது.

அங்கே அவர் கழித்த ஓராண்டைச் சற்று நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு வேறொன்று புலப்படும். ஏறத்தாழ 150 சித்திரங்களை அந்த ஓராண்டில் அவர் தீட்டினார்; புகழ்பெற்ற ‘நட்சத்திர இரவு’ சித்தம் தெளிந்திருந்த ஜூன் மாதத்துச் சிருஷ்டி. ஜூலையில் நோய் மீண்டும் தாக்கியபோதோ, வர்ணங்களையே எடுத்து விழுங்கிவிட்ட அவரைத் தூரிகையின் பக்கமே அண்டவிடாமல் வைத்திருந்தார்கள். வாரக்கணக்கில் வேலை நின்றுபோயிற்று. வேலையே தமக்கு மருந்து என்று தம்பி தியோவுக்குக் கடிதங்களில் எழுதிவந்த மனிதருக்கு இதைக் காட்டிலும் பெரிய தண்டனை இருந்திருக்க முடியாது. அம்மருத்துவமனையின் டாக்டர் பெய்ரோன் அவருடைய நோயை ஒருவகைக் காக்காய்வலிப்பு என்று கருதினார். சிகிச்சை என்று சொல்லத்தக்கதாக அங்கே இருந்ததெல்லாம் வாரத்துக்கு இருமுறை நெடுநேரத் தொட்டிக் குளியல்தான். ஆகவே, வியாதி அவருக்குச் சித்திரங்களைக் கொடுத்தது என்பதைவிட, வியாதி விட்டுவைத்த நாட்களை அவர் அசுரப் பிரயாசையோடு பயன்படுத்திக்கொண்டார் என்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பித்துக்கும் மேதைமைக்கும் சம்பந்தமே இல்லையென்று சாதிப்பதற்கும் இல்லை. சுமார் 3 லட்சம் மனநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து சுவீடன் நாட்டார் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மிகை எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோயுள்ளவர்களும், அதைவிட விசேஷமாக, அந்நோயோ மனச்சிதைவோ கொண்டவர்களின் நோயற்ற உடன்பிறந்தாரும், கலை, விஞ்ஞானம் போன்ற துறைகளில் அதிகமாகக் காணப்பட்டார்கள். குடும்பத்தில் ஓடும் ஏதோ ஒரு சுபாவம் அளவோடிருக்கும்போது அனுகூலமாகவும், எல்லை மீறும்போது நாசமாகவும் முடிகிறது போலும்.

நோயோடு அந்தச் சுபாவமும் போய்விடுமோ என்பதே சிகிச்சையைக் கண்டு கலைஞர்கள் அஞ்சுவதற்குக் காரணம். ஜெர்மன் மொழிக் கவி ரில்கே, 1912இல் மனப்பகுப்புச் சிகிச்சையை யோசித்துப் பார்த்து, உள்ளிருக்கும் பேய்களோடு தேவதைகளும் வெளியேறிவிடுமோ என்ற பயத்தால் விலகிக்கொண்டார். அமெரிக்கக் கவி ராபர்ட் லோவெல் வேறு வழியில் போனார். இருதுருவ நோயால் ஏறத்தாழ ஆண்டுதோறும் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்த அவர், 1967இல் லித்தியம் என்ற சாதாரண உப்பைச் சாப்பிடத் தொடங்கினார். இவ்வளவு காலம் பட்ட துன்பமெல்லாம் ஒரு சிட்டிகை உப்புக் குறைவாலா என்று அவர் திகைத்தாராம். எழுத்து நிற்கவில்லை, 1973இல் வெளியான ‘தி டால்ஃபின்’ புலிட்ஸர் பரிசு பெற்றது.

லித்தியம் உட்கொண்ட 24 கலைஞர்களை டென்மார்க் மருத்துவர் மோகென்ஸ் ஷோ விசாரித்து 1979இல் எழுதினார்: 12 பேர் வேலை பெருகியது என்றார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்தது என்றார்கள். அந்தக் கடைசி 6 பேரின் முறையீட்டை நாம் அலட்சியம் செய்யலாகாது. மருந்தின் அளவு கூடினால் சிந்தனை மந்தப்படுவதுண்டு. ரத்தத்தில் லித்தியத்தின் அளவைச் சோதித்துப் பார்த்து, நோய் திரும்பாத அளவுக்கு மருந்தைக் குறைத்துத் தர மருத்துவரால் முடியும். ஆனால் எழுத்து ஓடவில்லை என்று நோயாளி வாய்திறந்து சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?