சன்னலை மூடிய வரி

காற்றுக்கு வரி உண்டா? வெளிச்சத்துக்கு வரி உண்டா? உண்டு என்றது இங்கிலாந்து! ஒரு நாள், இரு நாள் அல்ல. 1696 முதல் 1851 வரை, 155 ஆண்டுகள்!

மூன்றாம் வில்லியம் மன்னன் காலம் அது. வெள்ளி நாணயங்களின் ஓரத்தைச் சிலர் வெட்டி வெட்டி எடுத்துவிட்டனர். குறைந்துபோன நாணயத்தைத் திரும்பப் பெற்று, புதிதாக அடிக்கப் பணம் வேண்டும். எதற்கு வரி போடலாம்? கணப்பு அடுப்புக்கு வரி முன்பே போட்டுப் பார்த்தாகிவிட்டது. அடுப்பை எண்ணுவதற்காக அதிகாரி வீட்டுக்குள் நுழைவதா என்று மக்கள் சீறினர். 1689-இல் அதை எடுத்தனர். ஆகவே, சன்னலுக்கு வரி! செல்வன் வீட்டில் சன்னல் அதிகம், எளியவன் வீட்டில் குறைவு. தெருவில் நின்றபடியே எண்ணிவிடலாம். நல்ல வரி, நோகாத வரி என்று நம்பினர்.

நம்பியவர்கள் ஒன்றை மறந்தனர். சட்டம் போடுகிறவனுக்கு மட்டுமல்ல, வரி கட்டுகிறவனுக்கும் எண்ணத் தெரியும்!

1747-இல் வந்த திருத்தத்தைப் பாருங்கள். ஒன்பது வரை சன்னலுக்கு வரி இல்லை. பத்து முதல் பதினான்கு வரை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் 6 பென்னி. பதினைந்து முதல் பத்தொன்பது என்றால் 9 பென்னி. இருபதைத் தொட்டால் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. கணக்குப் போடுங்கள், தோழர்களே! பத்தாவது சன்னலைத் திறந்தவன் அந்த ஒன்றுக்கு மட்டுமா கட்டினான்? பத்துக்கும் சேர்த்து 60 பென்னி, 5 ஷில்லிங்! என்ன செய்வான் வீட்டுக்காரன்? கொத்தனாரைக் கூப்பிட்டான், செங்கல் வைத்து அடைத்தான். அந்நாளைய வரிக் கணக்குகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், 9, 14, 19 சன்னல் வைத்த வீடுகளே குவிந்து கிடப்பதைக் கண்டனர். வரி தாவும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நின்றுகொண்டன வீடுகள்!

செங்கல்லிலும் இதே கதைதான். 1784-இல், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வரி வந்தது. சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினர். எண்ணிக்கை குறைந்தது, வரியும் குறைந்தது. 1803-இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி என்று அரசு துரத்திக்கொண்டு ஓடிற்று.

கெட்டிக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாமா? முடியாது, தோழர்களே. பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகைக் கட்டிடங்களை எண்ணிப் பாருங்கள். முழுக் கட்டிடமும் ஒரே வீடு என்று கணக்கு; வரி கட்டுபவன் சொந்தக்காரன். அவன் சன்னலை அடைத்தான், வரியை மிச்சப்படுத்தினான். உள்ளே இருட்டில் புழுங்கியவன் யார்? உழைத்துக் களைத்து வந்த தொழிலாளி! அவன் பெயர் வரிப் புத்தகத்தில் இல்லை. ஆனால் அவன் குழந்தை சுவாசித்த காற்றிலே அந்த வரி இருந்தது. அடைத்த சன்னலால் கருவூலத்துக்கு ஒரு காசும் வரவில்லை. ஏழைக்கு நட்டம், அரசுக்கும் லாபமில்லை!

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-லேயே குறை சொன்னார்: நாட்டுப்புறத்தில் 10 பவுன் வாடகை வீட்டுக்கு, லண்டனில் 500 பவுன் வாடகை மாளிகையைவிடச் சன்னல் அதிகம் இருக்கலாம், அப்போது ஏழையே அதிகம் கட்டுவான் என்றார். இருட்டும் அடைந்த காற்றும் நோயை வளர்க்கின்றன என்று 1840-களில் மருத்துவர்கள் முழங்கினர். எழுத்தாளர் டிக்கன்சும் கண்டித்தார். 1851-இல்தான் வரி ஒழிந்தது. வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போடும் வரி வந்தது. அடைத்த சன்னல்கள் சில, அங்கே பழைய வீடுகளில் இன்றும் சுவராகவே நிற்கின்றன.

இதில் நாம் அறிய வேண்டியது என்ன? வரியும் விலையும் பணத்தை மட்டும் வசூலிப்பதில்லை; இதைச் செய், இதைச் செய்யாதே என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. மேடையில் சொன்ன நோக்கத்தை மக்கள் மறப்பார்கள். கையைச் சுடும் கணக்கை மறக்கமாட்டார்கள்.

எனவே, எந்த ஆட்சி எந்த வரியைக் கொண்டுவந்தாலும், ‘எவ்வளவு வரும்?’ என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். இதைக் கேட்டதும் முதலாளி என்ன செய்வான், வீட்டுக்காரன் என்ன செய்வான், கடைசியில் இருட்டில் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். சட்டம் வருமுன் கேளுங்கள். சன்னலை அடைத்த பின் கேட்டால், திறக்க 155 ஆண்டுகள் ஆகலாம்!