ஏப்ரல் வெயிலை நம்பாத ஐரிஸ்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மைனஸ் 25 டிகிரி குளிரையும் தாங்கிவிடும் ஐரிஸ் கிழங்கு, ஏப்ரல் கடைசியில் ஒரே இரவு விழும் உறைபனியில் அந்த வருடப் பூவைப் பறிகொடுத்துவிடும்.

கிழங்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்நாட்டு வேளாண் துறையின் குளிர் மண்டல எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் ஆண்டுதோறும் பதிவாகும் உச்சக் குளிரின் சராசரியை வைத்துப் போட்ட எண் அது. செடி பனிக்காலத்தில் பிழைக்குமா என்பதைச் சொல்லும். வசந்தத்தில் எப்போது விழிக்கும் என்பதைச் சொல்லாது. ஐரிஸுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் உயிர்.

உறக்கத்தில் இருக்கும் கிழங்கின் செல்களில் சர்க்கரை செறிந்திருக்கும், அதுவே காப்பு. நாலு நாள் வெயில் அடித்தால் காப்பு தளர்ந்து, விசிறிபோல் விரிந்த இலைகளின் நடுவே பூத்தண்டு எழும். கண்ணுக்குத் தெரியாது. விசிறியின் அடியை இரு விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தால் உருண்டையாகத் தட்டுப்படும். உள்ளே முழுக்க நீர். உறைபனிக்குச் சில நாள் கழித்து அதே இடம் கொழகொழவென்று அமுங்கினால் மொட்டு செத்துவிட்டது. அழுகல் கிழங்குக்கு இறங்குவதற்குள் அந்தத் தண்டை வெட்டி எறிய வேண்டும்.

நெட்டை ஐரிஸ்கள் பலவற்றுக்கு, வெயில் கண்டதும் விழித்துவிடும் இந்த அவசரம் வம்சாவளியாக வந்தது. 1900ஐ ஒட்டி, கேம்பிரிட்ஜின் உடலியல் பேராசிரியர் மைக்கேல் ஃபாஸ்டர் மேற்காசியாவின் பெரும்பூ இனங்களை வரவழைத்துக் கலப்பு செய்தார். பூ பெரிதானது, குளிர் தாங்கும் திறன் குறைந்தது. நெப்ராஸ்காவில் விவசாயம் பார்த்த சாஸ் சகோதரர்கள், ஜேக்கப்பும் ஹான்ஸும், தங்கள் ஊர்க் குளிரில் நின்று பூத்த செடிகளிலிருந்தே புது ரகங்களை உருவாக்கினார்கள். ஹான்ஸின் ‘ப்ரெய்ரி சன்செட்’ 1943இல் ஐரிஸ் ரகங்களுக்கான டைக்ஸ் பதக்கம் பெற்றது. குளிர் ஊர்க்காரர்கள் குளிர் ஊரில் பிறந்த ரகத்தைத் தேடுவதே நல்லது என்பேன்.

குட்டை ரகங்களும் கைகொடுக்கும். கிழக்கு ஐரோப்பியப் புல்வெளிகளின் ‘ஐரிஸ் பூமிலா’வை நெட்டை ஐரிஸோடு சேர்த்து, இண்டியானாவின் பால் குக் 1951இல் ‘கிரீன் ஸ்பாட்’ என்ற குட்டை ரகத்தைத் தந்தார். சீக்கிரம் பூத்தாலும் இந்த வகை பனிக்கு அவ்வளவாக அஞ்சாது. நெட்டைதான் வேண்டுமென்றால் விற்பனைப் பட்டியலில் ‘பின்பருவம்’ என்று குறித்ததை எடுக்கலாம். சைபீரிய ஐரிஸ் பூப்பதற்குள் பெரும்பாலும் உறைபனி ஓய்ந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வாழையைப் போல ஐரிஸ் கிழங்கும் ஒருமுறைதான் பூக்கும். பிறகு பக்கக்கன்றுகளின் முறை. கன்று நிறைய விடும் ரகத்தில், தாய்த்தண்டு பனியில் கருகினாலும், பிந்தி எழும் கன்று ஒன்று மே கடைசியில் பூத்து நிற்கக்கூடும்.