உஷார்! ‘இன்னும் நூறு அடி’ என்பார்கள்

கிணறு வற்றி, தென்னை மட்டைகள் தொங்க ஆரம்பித்ததுமே கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ரிக் வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இந்தக் கோடையில் போர் போடப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள். தண்ணீர் வராவிட்டால் எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை முன்னாலேயே, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அந்த முடிவை எடுக்கவே முடியாது.

ஏன் என்று கேட்கிறீர்களா? நள்ளிரவில் ஒரு போர் ஓடும் இடத்தில் நின்று பாருங்கள். கம்ப்ரசர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ராடுக்கு மேல் ராடாக இறங்குகிறது. 600 அடி தாண்டியும் வருவது வெறும் புகைதான். ‘என்னங்ணா, இன்னொரு நூறு ஓட்டிப் பார்க்கலாங்களா?’ என்று வண்டிக்காரர் கேட்கிறார். ‘எங்களுக்கு 720-லதானுங்க வந்துச்சு’ என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வீட்டு நகை ஏற்கெனவே அடகில். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். இறங்கிய அடிக்கான காசு போனது போனதுதான்; இன்னும் ஓட்டினால் அது திரும்பிவிடாது. இனி இறங்கப்போகும் அடியில் தண்ணீருக்கு அடையாளம் இருக்கிறதா? கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

தமிழ்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி கடினப் பாறை. மேலே மக்கிய பாறையிலும் அதற்குக் கீழே விரிசல்களிலும்தான் அதில் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப்போக மேல் எடை அழுத்துவதால் விரிசல்கள் பொதுவாகக் குறைந்து, இறுகிவிடும். பக்கத்துத் தோட்டத்து விரிசல் உங்கள் நிலம் வரை நீண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1,000 அடியில் தண்ணீர் எடுத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அடிக் கட்டணம் ஆழத்தோடு சேர்ந்து ஏறும். அங்கிருந்து இறைக்கப் பெரிய மோட்டார், நீளமான கேபிள், பைப் என்று தனிச் செலவு. அத்தனைக்கும் பிறகு அந்தத் தண்ணீர் அடுத்த கோடை வரை நிற்குமா என்பதற்கு யார் பொறுப்பு?

விடக் கூடாத நேரமும் உண்டு. வெளியே விழும் தூளை அள்ளிக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தால் ஈரம் தட்டியிருக்கிறது. கல்லின் நிறம் மாறினாலும், ராடு திடீரென்று வேகமாக இறங்கினாலும் விரிசல் இருக்கலாம். இன்னும் இரண்டு மூன்று ராடு ஓட்டிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அப்படி எதுவுமே இல்லாமல் 200 அடியாக ஒரே நிறக் கருங்கல், உலர்ந்த தூள் என்றால், குறித்து வைத்த அடியில் நிறுத்திவிடுங்கள்.

முதல் போர் பொய்த்ததும் மறுவாரமே தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் வேறொருவரைக் கூட்டிவந்து புதுப் பாயிண்ட் குறிப்பது இன்னும் ஆபத்து. கடனுக்கு மேல் கடன் ஏறுவது இங்கேதான். வேளாண் பொறியியல் துறையினர் மின்தடை அளக்கும் கருவி வைத்து நிலத்தை ஆய்வு செய்து தருகிறார்கள். அதிலும் தவறலாம்; ஆனாலும் தேங்காயைவிட அதற்கு ஆதாரம் உண்டு. விடாப்பிடி காட்ட வேறு வேலை இருக்கிறது: கிணற்றைத் தூர் வாருங்கள், பண்ணைக் குட்டை வெட்டுங்கள், வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டுநீருக்கு மாறுங்கள்.

கைவிட்ட குழியை மட்டும் ஒரு இரவுகூடத் திறந்து வைக்காதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது அப்படிக் கைவிடப்பட்ட ஒரு குழியில்தான். நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. பயன்படாத குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. நிரப்பும் வரைக்கும் கேசிங் பைப்புக்கு இரும்பு மூடி போட்டு வெல்டு வைத்தாக வேண்டும். அது முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு வண்டிக்காரருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.