மீட்ட மாடு மேயக் காடு வேண்டும்

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டிலிருந்து ராத்திரியில் கிளம்பும் காய்கறி லாரிகளில் பாதிக்கு மேல் கேரளாவுக்குத்தான் போகின்றன. முருங்கைக்காய், தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று மூட்டை மூட்டையாக மேற்கே நகரும் அதே சாலைகளில் மாட்டு லாரிகளும் போகும். கறவை நின்ற பசு, ஏருக்குத் தேவைப்படாத எருது, கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்று என்று வீட்டில் நின்றால் செலவு மட்டுமே வைக்கிற மாடுகள் சந்தை சந்தையாகக் கைமாறிப் பொள்ளாச்சி வழியே எல்லை தாண்டுகின்றன. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன. அதை மீறி அடைத்துக்கொண்டு போகும் வண்டியை யாரோ மறிக்கிறார்கள். மாடுகளை இறக்குகிறார்கள். கால் ஒடிந்த மாட்டின் படம் கைபேசிகளில் பரவுகிறது, ஒரு வாரம் பணம் வந்து சேர்கிறது.

எட்டாம் நாள் அந்த மாடுகளுக்கு யார் தீனி போடுவது?

மீட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வண்டியை மறித்த கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மாடு தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரை பங்கு அளவுக்கு, ஈரம் நீக்கிய தீவனம் நாள்தோறும் தின்ன வேண்டும். 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது 6 முதல் 7.5 கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், புல்லாகவே கொடுத்தால் 30 கிலோ ஆகும். ஐம்பது மாடுகளுக்கு, மாட்டுக்கு ஏழு கிலோ என்று வைத்தாலும் நாளுக்கு 350 கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 128 டன் உலர் தீவனம். உங்கள் ஊர் சோளத்தட்டு விலையை அதனோடு பெருக்கிப் பாருங்கள். பத்து வயதில் மீட்ட பசு நல்ல பராமரிப்பில் இன்னும் எட்டுப் பத்து ஆண்டு வாழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பகங்கள் பெரும்பாலும் நொடித்துப்போவது இந்தப் பெருக்கலில்தான். மீட்பவர்களின் மனதில் குறை எதுவும் இல்லை.

இந்தச் செலவைத் தாங்க, தோட்டத்தையே மக்கள் வந்து தங்கிப் பார்க்கும் இடமாக்கி, அந்த வருமானத்தில் விலங்குகளை வளர்க்கலாம் என்ற எண்ணம் இப்போது பலருக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் நிதி திரட்ட இறங்குகிறவர்கள் விருந்தினர் அறைக்குத்தான் முதலில் வரைபடம் போடுகிறார்கள். ஒட்டன்சத்திரத்துச் சமவெளியில் அதற்கு முன்பு நிற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கொறங்காடு.

இந்தப் பக்கத்தில் காடு என்றால் வனம் கிடையாது. மானாவாரி நிலத்தைத்தான் காடு என்பார்கள். கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தனியார் நிலம். காங்கேயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் சாலையோரம் பார்த்திருப்பீர்கள். முள்வேலி சூழ்ந்த நிலத்தில் குடை விரித்த மாதிரி ஆங்காங்கே மரங்கள் நிற்கும், தரையெல்லாம் புல்லாக இருக்கும், உள்ளே நாலைந்து மாடும் கொஞ்சம் ஆடும் மேயும். வெளியூர்க்காரருக்கு அது தரிசாகத் தெரியும். உண்மையில் அது மூன்று உறுப்புகள் கொண்ட ஓர் இயந்திரம், மழை மட்டுமே அதற்கு எரிபொருள்.

முதல் உறுப்பு கொழுக்கட்டைப் புல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் பழனி மலைக்கும் பின்னால் கிடக்கும் இந்தச் சமவெளிக்குத் தென்மேற்குப் பருவமழை மிச்சம் மீதியாகத்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோறு போடுவது. இந்தப் புல் பல ஆண்டு வாழும். வேர் ஆழமாக இறங்கும், தண்டின் அடிப்பகுதி தடித்து அதில் சத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் ஒரு நல்ல மழையில் அடியிலிருந்து துளிர்த்துவிடும். மழை விழுந்ததும் மாட்டை உள்ளே விடாமல், புல் வளர்ந்து பூத்து விதை உதிர்க்க அவகாசம் கொடுத்த பிறகே படலைத் திறப்பது பழைய வழக்கம். அடுத்த ஆண்டுக்கான விதைப்பைப் புல்லே செய்துகொள்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளமோ கம்போ போட்டு எடுத்து, மறுபடி புல்லுக்கு விடுவார்கள்.

இரண்டாவது, வெள்வேலம். வெளிறிய பட்டையும் சிறு இலைகளும் கொண்ட மரம். அதன் நிழல் சல்லடை போலிருப்பதால் அடியில் புல் சாகாது. பங்குனி, சித்திரையில் புல் வெறும் காய்ந்த தாளாகிப்போகும்போது மரம் தன் காய்களை உதிர்க்கும். மாடும் ஆடும் தேடித் தேடித் தின்னும் சத்துள்ள தீனி அது. புல் கைவிடும் மாதத்தில் மரம் கைகொடுக்கிறது. இந்தப் பொருத்தத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துக் கொடுக்கவில்லை. ஆடு மாடு வளர்த்த குடியானவர்கள் கண்டுபிடித்துக் காத்துவந்தது.

மூன்றாவது உறுப்பு வேலி. முள்ளுக்கிளுவைப் போத்துகளை மழைக்காலத் தொடக்கத்தில் நெருக்கமாக ஊன்றினால் வேர்பிடித்து உயிர்வேலியாகிவிடும். கம்பி துருப்பிடிக்கும், கல்தூண் சாயும். கிளுவையோ வெட்ட வெட்டத் தழைக்கும், வெட்டிய தழை வெள்ளாட்டுக்குத் தீனி. வேலி இறுக்கமாக இருப்பதால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம், படலைச் சாத்திவிட்டு வரலாம். நிலத்தைக் கிளுவையால் நாலைந்து பட்டிகளாகப் பிரித்து, ஒன்று மேயும்போது மற்றவை ஆறும்படி சுழற்றுவார்கள். உள்ளே ஒரு கல்தொட்டியில் தண்ணீர் இருந்தால் போதும். ஒரு மாட்டுக்கு வெயில் காலத்தில் நாளைக்கு ஐம்பது லிட்டர் வரை தேவைப்படும்.

காப்பகத்தின் செலவுப் பட்டியலை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். தீவனம், மேய்ப்பவர் கூலி, வேலி என்ற மூன்றையும் ஒரே நிலம் ஓரளவு சுமக்கிறது. ஓரளவு என்றுதான் சொல்கிறேன். ஏக்கருக்கு இத்தனை மாடு என்று எழுதிவைத்த கணக்கு கொறங்காட்டுக்குக் கிடையாது. மழையும் மண்ணும் சேர்ந்து முடிவு செய்வது அது. கூடுதலாக மாட்டை விட்டால் இரண்டே ஆண்டில் புல் அழிந்து மண் தெரியும். அதனால் இரக்கப்பட்டு வருகிற மாட்டையெல்லாம் ஏற்றுக்கொள்கிற காப்பகம் கடைசியில் எல்லா மாட்டையும் பட்டினி போடும். இடமில்லை என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி. வந்த காளைகளுக்குக் காயடித்துவிட வேண்டும், இல்லையென்றால் காப்பகமே கன்றுகளை உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

எந்த மாடு வருகிறது என்பதும் முக்கியம். கொறங்காட்டில் வளர்ந்த இனம் காங்கேயம். சிவப்பாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும் மாடு. காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும், காயடித்தால் வெளுக்கும். முள்ளையும் வெயிலையும் காய்ந்த புல்லையும் தாங்கும். ஆனால் பால் குறைவு. டிராக்டர் வந்து உழவு போனதும் அதற்கு வேலையும் போயிற்று. 1990இல் சுமார் 11.7 லட்சமாக இருந்த இந்த இனம் 2000இல் 4.8 லட்சமாகச் சரிந்தது. இன்று மீட்பு வண்டியில் வருவதில் கலப்பின மாடுகளும் நிறைய. ஜெர்சி ரத்தம் ஓடும் பசுவைச் சித்திரை வெயிலில் கொறங்காட்டில் விட்டால் மூச்சிரைத்துப் படுத்துவிடும். அதற்குக் கொட்டகையும் வெட்டிப் போடும் பசுந்தீவனமும் வேண்டும். ஆகவே கொஞ்சம் கிணற்றுப் பாசனமும் இல்லாத காப்பகம் இங்கே முழுமையாகாது.

மார்க்கெட்டில் கழிக்கிற முட்டைக்கோஸ் இலையும் தக்காளியும் இலவசமாகக் கிடைக்குமே என்று ஒரு யோசனை வரும். கொஞ்சமாகக் கொடுக்கலாம். காய்ந்த தீனி தின்று பழகிய மாட்டுக்குத் திடீரென்று அழுகலையும் சோற்றையும் கொட்டினால் முதல் வயிற்றில் அமிலம் கூடிச் செத்தே போகும். காய்கறியோடு வரும் பாலிதீன் பை இன்னும் மோசம். மாடு முதலில் மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும் என்பதால் பை உள்ளே போய்த் தங்கிவிடுகிறது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளை, கிழங்கின் பெயரால் கண்வலிக்கிழங்கு என்று ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். மருந்துக்கு விலை போகும் கொல்கிசின் என்ற அதன் சத்துதான் தின்ற மாட்டைக் கொல்லும் நஞ்சும். இந்தக் கொடி கிளுவை வேலியில் தானாகவே படர்ந்து கிடக்கும். பட்டிக்குள் மாட்டை விடுமுன் வேலி நெடுக நடந்து பார்த்து, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும்.

இனிப் பணம். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய ஃபார்ம் சாங்க்சுவரி என்ற அமைப்பின் கதை நிதி திரட்டுகிறவர்கள் அறிய வேண்டியது. ஒரு கால்நடைச் சந்தையில் செத்த விலங்குகளோடு குவித்துப் போட்டிருந்த, உயிர் போகாத செம்மறியாடு ஒன்றைத் தூக்கி வந்ததுதான் தொடக்கம். ஹில்டா என்று பெயர் வைத்தார்கள். இசைக்கச்சேரி நடக்கும் இடங்களில் வேனை நிறுத்திச் சைவ ஹாட்டாக் விற்றுச் சேர்த்த காசில்தான் ஆரம்ப நாட்களை ஓட்டினார்கள். பிறகு நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென்னில் பண்ணை அமைத்து, விருந்தினர் தங்கும் குடில்களும் வைத்தார்கள். 1969இல் எலிசபெத் ஸ்வெண்ட்சன் தொடங்கிய, இங்கிலாந்தின் சிட்மவுத் ஊரில் இருக்கும் கழுதைக் காப்பகம் வேறு வழியில் போனது. அங்கே நுழைவுக் கட்டணமே இல்லை. வந்து பார்த்தவர்கள் ஒரு கழுதையைப் பெயர் சொல்லித் தத்தெடுத்து ஆண்டுதோறும் பணம் அனுப்புகிறார்கள், உயில் எழுதும்போது நினைத்துக்கொள்கிறார்கள். அதன் வருமானத்தில் பெரும்பங்கு உயில் வழி வருவதுதான். நம் நாட்டில் வேளாண் சுற்றுலாவுக்கு முன்னோடி மகாராஷ்டிரம். பாண்டுரங் தாவரே 2005 வாக்கில் பாராமதியில் தொடங்கியதைப் பார்த்து விவசாயிகள் பலர் பின்தொடர, 2020இல் அம்மாநில அரசு அதற்கென்றே கொள்கை வகுத்தது.

ஒட்டன்சத்திரத்துக்கு விருந்தாளியைத் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை. தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் சாலையில் பாதயாத்திரையாகப் பழனிக்குப் போகும் கூட்டம் ஊர் வழியாகவே நடக்கிறது. பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்களில் ஒரு பகுதியினரும் இந்த ஊர் வழியாகவே போகிறார்கள். முருகனுக்கு மாட்டைக் காணிக்கையாக விடும் வழக்கமும் இங்கே உண்டு. கள்ளிமந்தையத்தில் பழனிக் கோயிலின் கோசாலை இருக்கிறது. மாட்டுக்குக் கொடுப்பது இந்த மக்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. நிறுவனங்களிடமும் கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி செய்ய வேண்டிய சமூகப் பொறுப்புச் செலவில் விலங்கு நலனுக்கும் இடமுண்டு.

வருகிறவர்களுக்கு என்ன வேலை வைப்பது? மீட்ட எருதை வண்டியில் பூட்டிச் சவாரி விடுவதை நான் ஒப்ப மாட்டேன். இழுத்து ஓய்ந்துதான் அது இங்கே வந்திருக்கிறது. ஐப்பசியில் கிளுவைப் போத்து ஊன்றலாம். கோடையில் வெள்வேலங்காய் பொறுக்கிச் சேர்க்கலாம். முருங்கை பறித்து அங்கேயே சமைத்துச் சாப்பிடலாம். எருவை மூட்டை கட்டி முருங்கைத் தோட்டக்காரர்களுக்கு விற்கலாம். புதிதாக வந்த மாட்டை மூன்று வாரமாவது தனிப் பட்டியில் வைத்து, கோமாரித் தடுப்பூசி போட்டு, கன்று வீச்சு நோய்க்குச் சோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். எனவே தனிப் பட்டிக்குள் விருந்தினர் கால் வைக்கக்கூடாது, பச்சைப் பாலை யாருக்கும் குடிக்கக் கொடுக்கக்கூடாது. குழந்தைகள் கைகழுவக் குழாய் வேண்டும்.

திரட்டிய முதல் லட்சம் வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போகட்டும். இரண்டாவது, ஒரு கோடைக்கான சோளத்தட்டுப் போருக்கு. மூன்றாவது, மருத்துவருக்கும் தனிப் பட்டிக்கும். விருந்தினர் அறை அதற்குப் பிறகு வரட்டும். வேலி தழைத்து நிற்க நாலைந்து மழையாவது வேண்டும். ஆகவே அதைத்தான் முதலில் ஊன்ற வேண்டும். அறையை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

யாராவது மாட்டுக் காப்பகத்துக்கு நன்கொடை கேட்டு வந்தால், தயங்காமல் கொடுங்கள். கொடுக்கும் முன் மேய்ச்சலுக்கு எத்தனை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு ஐப்பசியில் நேரில் போய், நாலு போத்து உங்கள் கையால் ஊன்றிவிட்டு வாருங்கள்.